எர்த் கட்டத்தில் 1.2

பெரிய பிரிண்டரில் வெள்ளைக் கோடு விழுவதற்குப் பதினோரு காரணங்கள் உண்டு என்பான் ஞானசேகரன். விரல் மடக்கிச் சொல்லுவான். மை தெறிக்கிற பாகத்துக்கு ஹெட் என்று பேர். அதிலுள்ள பொடித் துளைகள் அடைத்திருக்கலாம். மைக்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம். வினைல் என்கிற பிளாஸ்டிக் தாளின் சுருள் நகரும் அளவு மயிரிழை பிசகியிருக்கலாம். இப்படிப் பத்து விரலும் மடங்கிய பிறகு, "கடைசி ஒண்ணு இருக்குதே, ஆபரேட்டரம்மா!" என்று சிரிப்பான். நாங்களும் சிரிப்போம். எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்லுகிற ஜோக்தான் அது.

பன்னிரண்டாவதும் ஒன்று உண்டு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

நானும் அவனும் பதிமூன்று வருஷம் ஒரே கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியராக இருந்தோம். வெளிநாட்டு பிரிண்டர்களை விற்று, விற்ற மிஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனி. பிறகு நான் மஸ்கட்டுக்கு வந்துவிட்டேன். அவன் பெங்களூரிலேயே இருந்தான். ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவன். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். வீட்டு வாசலில் பைக் நிறுத்த இடமில்லாததால் முன்சக்கரத்தைப் படியில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். ஏழாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு கன்னடம், அதன் பிறகு ஐ.டி.ஐ. நாற்பத்தேழு வயதாகியும் எஞ்சினியர் என்று யாராவது கூப்பிட்டால் லேசாகக் கூச்சப்படுவான்.

வேலையில் கெட்டிக்காரன். சோதனைக்காக மிஷின் அடித்துக்கொடுக்கும் தாளை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடிப்பான். மஞ்சள் நிறக் கோடுகள் வெள்ளைத் தாளில் லேசில் தெரியாது. அதற்காகச் சட்டைப் பையில் நீல நிற பிளாஸ்டிக் தாள் ஒன்று வைத்திருப்பான். அதன் வழியாகப் பார்த்தால் மஞ்சள் கறுப்பாகத் தெரியும். "இருபத்தேழாவது துளை அடைச்சிருக்கு, பாரு" என்பான். எண்ணிப் பார்த்தால் இருபத்தேழாவதாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் சர்வீஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். மூன்று நிறத் தாள்கள்: வெள்ளை வாடிக்கையாளருக்கு, பிங்க் ஆபீசுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே இருக்கும். அதில் ஒரு கட்டம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று கேட்கும். இரண்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் எர்த் சரியில்லை, மின்சாரம் தரைக்குள் இறங்காமல் மிஷின் உடம்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம். மையைச் சிதறடித்து ஹெட்டைக் கொல்கிற பன்னிரண்டாவது காரணம் அதுதான். அளப்பதற்கு மீட்டரைப் பையின் அடியிலிருந்து எடுத்து, மிஷினுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி, தூசிக்குள் கை விட வேண்டும். ஒருவரும் அளக்க மாட்டோம். 1.2 என்று எழுதுவோம். முதலில் யார் அப்படி எழுதினார்களோ தெரியாது. முந்தைய ரிப்போர்ட்டில் 1.2 இருந்தது, ஆகவே இதிலும் 1.2. நான் எழுதிய 1.2-களும் எத்தனையோ கடைகளில் இன்னும் இருக்கின்றன.

கோவிந்தப்பாவின் கடை எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஆனேக்கல் போகும் ரோட்டில் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளுக்குச் சுவர் முழுக்க ஒட்டுகிற வினைல், கண்ணாடி ஸ்டிக்கர், பி.ஜி. ஹாஸ்டல்களுக்குப் போர்டு, இவைதான் அங்கே வேலை. மிஷினை ஓட்டியவள் சரளா. ஆனேக்கல்காரி, முப்பத்தெட்டு வயது. ஸ்டிக்கர் வெட்டும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பிரிண்டரைக் கற்றுக்கொண்டவள். ஆறு வருஷமாக அவள் கையில்தான் மிஷின். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. மகள் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. அந்த ஊர்ப்பக்கம் ஒரு பெண் பெரிய பிரிண்டர் ஓட்டுவது அபூர்வம். வருகிறவர்களிடம் கோவிந்தப்பாவே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்: "நம்ம சரளா மேடம் கை வெச்சா கலர் பேசும்."

மிஷின் அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. வெளித் தூசி வினைலில் ஒட்டினால் அந்த இடம் மை பிடிக்காது. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்த மிஷின் என்ற மரியாதையும் சேர்ந்துகொண்டது. சரளா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்பாள். சர்வீஸ் எஞ்சினியருக்கு மட்டும் விதிவிலக்கு. எங்களுக்குக் கம்பெனி கொடுத்த ரப்பர் அடி ஷூ. அதைக் கழற்ற எங்களை யாரும் சொல்வதில்லை.

மார்ச் மாதம் அங்கே கோடு விழ ஆரம்பித்தது. முதலில் எழுத்துகளின் ஓரத்தில் மை புகைபோலச் சிதறியது. பிறகு நீலப் பரப்புகளில் வெள்ளைக் கோடுகள். அப்புறம் ஹெட்டே செத்தது. ஞானசேகரன் போய்ப் புது ஹெட் போட்டான்.

அப்போதே சரளா சொல்லியிருக்கிறாள். "சார், மிஷின் மேல கை வெச்சா ஜிவ்வுனு இழுக்குது. ஒரு மாசமா இப்படித்தான்."

அவன் உள்ளங்கையை மிஷின் மேல் வைத்துப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்லியே, மேடம்."

"எனக்கு இருக்குது, சார். வினைல் இழுக்கறப்போ முடியெல்லாம் எழும்பி நிக்குது, பாருங்க."

"நாள் பூரா ஏசில நின்னா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. டீ சாப்டு வாங்க, சரியாப் போகும்."

அவள் சிரித்தாளாம். அவனும் சிரித்தானாம். ரிப்போர்ட்டில் 1.2 என்று எழுதினான்.

மூன்று வாரத்தில் புது ஹெட்டும் போய்விட்டது. ஒரு ஹெட்டின் விலை சரளாவின் எட்டு மாதச் சம்பளம். கோவிந்தப்பா மிஷின் அறை வாசலில் நின்று, உள்ளே வராமல், "ஏனு ஞானம், என்ன இது, ஏனு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானசேகரன் வெளியே வந்து கம்பெனியில் சர்வீஸ் வேலைகளைப் பார்க்கும் உமேஷுக்குப் போன் போட்டான்.

"வாரண்டில ஒரே கடைக்கு ரெண்டு ஹெட் குடுத்தா மேல இருக்கறவன் என்னைத்தான் கொல்லுவான்" என்றான் உமேஷ். "ஹெட்டை மூடி வைக்கிற தட்டுல மை காஞ்சிருக்கா, பாரு."

"கொஞ்சம் இருக்கு."

"அப்புறம் என்னா? ஆபரேட்டர் கிளீன் பண்ணல. வாரண்டி கெடையாது, ஹெட் காசு கடைக்காரன் தலைல. எழுதிட்டு வா, மச்சா."

மை காயாத தட்டு உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. அது அவனுக்குத் தெரியும், உமேஷுக்கும் தெரியும். ஆனாலும் எழுதினான். காரணம் என்ற கட்டத்தில், ஆபரேட்டர் சரியாகச் சுத்தம் செய்யாததால் ஹெட் பழுது என்று இங்கிலீஷில் எழுதினான். எர்த் கட்டத்தில் 1.2. வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடத்தில் எப்போதும் ஆபரேட்டர்தான் கையெழுத்துப் போடுவது.

"மேடம், இங்க ஒரு சைன்."

சரளா கன்னட மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆறு வருஷமாகப் போடுவதுபோலவே, படிக்காமல், "இங்கியா சார்?" என்று கேட்டுவிட்டுப் போட்டாள். போட்டுவிட்டு, "காபி சொல்லட்டுமா?" என்றாள்.

கோவிந்தப்பா வெள்ளைத் தாளைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அன்று மாலையே அவளை நிறுத்திவிட்டார். அதோடு நின்றிருந்தால் அவள் வேறு கடையில் சேர்ந்திருப்பாள். கையில் தொழில் இருந்தது. ஆனால் பிரிண்டிங் கடை முதலாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, முந்நூறு பேர். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அதில் போட்டார். 'இரண்டு ஹெட்டை நாசம் பண்ணினவள், ஜாக்கிரதை.' ஆபரேட்டரே தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதுபோலத்தான் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சரளா அடுத்த இரண்டு வாரத்தில் ஏறி இறங்கிய நாலு கடைகளிலும் பேரைக் கேட்டதும் "சொல்லி அனுப்பறோம்மா" என்றார்கள்.

இதெல்லாம் ஞானசேகரனுக்கு அப்போது தெரியாது. அவனுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று கடைகள் பாக்கி இருந்தன.

அந்தக் கோடையில் பெங்களூரில் தண்ணீர் இல்லை. போர்வெல்கள் வற்றிவிட்டன. அபார்ட்மெண்டுகளில் டேங்கர் வந்தால் வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஸ்ரீராம்புரத்தில் குழாயடியில் வரிசையாகக் குடம். ஞானசேகரனின் மனைவி மகா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். டூட்டி முடிந்து வரும்போது கைப்பையில் இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள்.

ஏப்ரல் நடுவில் ஆனேக்கல் டவுனில் பாலகுமார் என்பவரின் கடைக்குப் போனான். அதே புகை, அதே கோடு, செத்த ஹெட். பாலகுமார் கறாரான மனிதர்.

"ஷூ வெளில, சார்."

"சர்வீஸுக்கு வந்திருக்கேண்ணா."

"சர்வீஸுக்கு வந்தாலும் சரி, சாமியே வந்தாலும் சரி. என் மிஷின் ரூமுக்குள்ள செருப்பு வராது."

முனகிக்கொண்டே கழற்றினான். வெறுங்காலோடு தரையில் நின்று, மூடியைத் திறக்க மிஷின் மேல் கை வைத்தான்.

ஜிவ்வென்று இழுத்தது. முழங்கை வரைக்கும்.

கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றானாம். "எனக்கு அந்த மேடம் குரல் கேட்டுச்சுடா" என்று பிற்பாடு போனில் சொன்னான். பிறகு பைக்குள் கையை விட்டு, பழைய ரசீதுகளுக்கும் நட்டு போல்ட்டுக்கும் அடியிலிருந்து மீட்டரை எடுத்தான். மிஷினுக்குப் பின்னால் ஒண்டினான். முப்பத்தொன்று காட்டியது.

எர்த் குழி கடைக்குப் பின்னால் இருந்தது. செம்பு பிளேட்டைப் புதைத்து, கரியும் உப்பும் போட்டு மூடிய குழி. அந்த மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் தரைக்குள் இறங்கும். வெயில் காலத்தில் தினமும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது ஐ.டி.ஐ. முதல் வருஷப் பாடம். மூடியைத் தூக்கினான். உள்ளே மண் வெடித்து, பிளவுக்குள் ஒரு பல்லி.

"தண்ணி ஊத்தறதில்லியா?"

பாலகுமார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "குளிக்கவே தண்ணியில்ல, இதுக்கு வேற ஊத்துவாங்களா? பிப்ரவரியோட நிறுத்திட்டோம்."

குடிதண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, உப்பைக் கரைத்து ஊற்றினான். முப்பத்தொன்று ஒன்பதானது. இன்னொரு கேன். ஒன்றரைக்கு இறங்கியது. புது ஹெட் போட்டு ஓட்டினான். நீலம், ஒரு கோடு இல்லாமல், கண்ணாடிபோல இறங்கியது. பிறகு வெளியே போய், ஏசியிலிருந்து சும்மா சொட்டிக்கொண்டிருந்த குழாயை நீட்டி எர்த் குழிக்குள் விட்டான். "இது போதும்ணா. இனிமே நீங்க ஊத்தவே வேணாம்."

"அடப்பாவி, இவ்வளவுதானா?" என்றார் பாலகுமார்.

கோவிந்தப்பா கடையின் ஏசிக் குழாயும் பின்சுவரில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவன் பார்த்திருக்கிறான்.

சந்தாபுரா ஜங்ஷன் வரை வந்து பைக்கை நிறுத்திவிட்டுக் கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தான். எர்த் பற்றி எதுவும் சொல்லவில்லை. மிஷின் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான். சரளாவை நிறுத்தியதையும் குரூப்பில் போட்டதையும் அவர் அப்போதுதான் சொன்னார். "நீ எழுதிக் குடுத்ததாலதான் எனக்குத் தெரிஞ்சுது, ஞானம். தேங்க்ஸ்" என்றார்.

அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

"என்னா மூஞ்சி இது? ஹெட் புடுங்கிக்கிட்ட மிஷினாட்டம்" என்றாள் மகா. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரம் கழுவ எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"போய்ச் சொன்னா என்னா ஆவும்?"

"அளக்காம எழுதினேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. வேலை போயிடும். இந்த வருஷம் ஏற்கெனவே ஆறு பேரை அனுப்பிட்டாங்க. இந்த வயசுல யாரு எடுப்பா?"

அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்குப் போயிடுச்சே" என்றாள்.

"ரெண்டு நாள்ல போறேன்."

இரண்டு நாள் மூன்று வாரமானது. எனக்கு அந்த நாட்களில்தான் போன் செய்தான். விஷயத்துக்கு வரமாட்டான். "அங்க மழை உண்டா?" என்று கேட்பான். மஸ்கட்டில் ஏதுடா மழை என்பேன். ஊரிலிருந்து போன் வந்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறவன் நான். "என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டால் வைத்துவிடுவான். பௌர்ணமிக்கு விகாரையில் எல்லோரோடும் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்லும்போது, பொய் சொல்லமாட்டேன் என்கிற நாலாவது வரியில் வாயை மட்டும் அசைத்தானாம். பக்கத்தில் இருந்த மகா திரும்பிப் பார்த்தாளாம்.

மே முதல் வாரம், ராஜாஜிநகரில் ஒரு கடையில் வேலையாக இருந்தபோது மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு மழை. கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். வீடியோ எடுத்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்தார். ஞானசேகரன் மட்டும் மிஷினைத் திறந்தபடி போட்டுவிட்டு பைக்கை எடுத்தான்.

கோவிந்தப்பாவின் எர்த் குழி காய்ந்திருப்பதுதான் அவனிடமிருந்த ஒரே சாட்சி. அது நனைவதற்குள் அளந்துவிட வேண்டும்.

மழைச்சட்டைகூடப் போடவில்லை. மெஜஸ்டிக் வரைக்கும் வந்தான், அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர். சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றான். மேம்பாலத்தில் ஏறும் வழி அடைபட்டிருந்தது. கீழே வண்டிகளுக்கு நடுவில் ஊர்ந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் மழை இல்லாமல் இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போயிருக்கிறான். அங்கே இன்னும் பலமாகப் பெய்திருந்தது. கடைக்குப் பின்னால் முழங்கால் அளவு செம்மண் தண்ணீர். எர்த் குழியின் மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை.

வாசலில் ஷூவைக் கழற்றினான். கோவிந்தப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். மிஷின் மேல் கை வைத்தான். ஒன்றுமில்லை. மீட்டரில் 1.9.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி அகலத்துக்கு நீல வானம் ஒன்று கோடில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"நோடி, ஞானம்" என்று மிஷினைக் காட்டினார் கோவிந்தப்பா சந்தோஷமாக. "நேத்து வரைக்கும் அப்பப்போ கோடு வந்துச்சு. புது ஆளு கை பழகறதுக்கு நாள் ஆச்சு. இன்னைக்கு எப்படி வருது, பாரு! அவ போனதுலேர்ந்து மிஷினுக்கே உயிர் வந்துடுச்சு."

அவன் அங்கேயே, சொட்டச் சொட்ட நின்று, சொன்னான். எர்த் குழி, தண்ணீர், வெறுங்கால், 1.2. கோவிந்தப்பா கடைசிவரை கேட்டார்.

"பிப்ரவரிலே நான்தான் தண்ணி ஊத்த வேணாம்னேன்" என்றார் மெதுவாக. "அவதான் ஊத்திட்டு இருந்தா. தினம் காலைல, ஒரு கொடம். டேங்கர் தண்ணியை மண்ணுல கொட்டறியான்னு கத்தினேன்."

இருவரும் பின்பக்கத்துச் செம்மண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க, சார்."

"புது ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். என் மச்சான் ஊர்க்காரன்." பிறகு அவர் முகம் மாறியது. "இரு. அப்படின்னா ஹெட் காசை உங்க கம்பெனி தரணும்ல?"

அவன் பதில் சொல்வதற்குள் உமேஷுக்குப் போன் போட்டுவிட்டார். போன் அவன் கைக்கு வந்தபோது உமேஷ் கேட்டது இதுதான்: "ஞானம், குடிச்சிருக்கியா?"

"இல்ல. அளக்காமத்தான் எழுதினேன்."

"எல்லாரும்தாண்டா அளக்காம எழுதறோம்! அதைப் போய் கஸ்டமர் கிட்டயா சொல்லுவே? நாளைக்குச் சாயங்காலம் டூல் பையையும் மீட்டரையும் புக்கையும் கொண்டாந்து ஒப்படைச்சுட்டு ராஜினாமா எழுதிக் குடு. நானா எழுத வெச்சா உனக்கு இன்னும் அசிங்கம்."

கம்பெனி பிற்பாடு, மழை பெய்த நாளில் எடுத்த 1.9-ஐயே காட்டி, எர்த்தில் குறையில்லை என்று கோவிந்தப்பாவுக்கு எழுதிவிட்டது. முதலாளிகள் குரூப்பில் ஞானசேகரன் கிடையாது. அன்று ராத்திரியே பாலகுமார்தான் அவனுக்காக விஷயத்தை எழுதி, தன் கடையில் மீட்டர் முப்பத்தொன்று காட்டியபோது எடுத்த படத்தோடு போட்டார். 'சரளா மேடம் மேல் தவறு இல்லை.' ஒருவர் கட்டைவிரல் போட்டார். அடுத்து ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கம். அதற்கடுத்து, பழைய லேமினேஷன் மிஷின் விற்பனைக்கு இருக்கிறதா என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

மழைக்கு மறுநாள் மத்தியானம், சாமான்களை ஒப்படைக்கப் போவதற்கு முன்னால், அவன் சரளாவைத் தேடிப் போனான். எலெக்ட்ரானிக் சிட்டி இரண்டாம் ஃபேஸில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அவள் கணவர் சொன்னார். தெருவில் நாலைந்து பி.ஜி. இருந்தன. ஒன்றின் கேட்டுக்கு மேலிருந்த போர்டைப் பார்த்துத்தான் நின்றான். ரோஜா நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து, ஓரத்தில் பொட்டு மை சிதறாத பிரிண்ட். அவன் சர்வீஸ் செய்த மிஷினில் அவள் கையால் அடித்தது என்று பார்த்ததும் தெரிந்ததாம்.

சமையல்கட்டு பின்பக்கம். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். அவள் கையெல்லாம் மாவோடு எழுந்து வந்தாள்.

"வாங்க, சார். இங்கியும் மிஷின் போச்சா?"

அவனுக்குச் சிரிக்க வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள்மேல் தவறில்லை என்று குரூப்பில் பாலகுமார் போட்டதையும் சொன்னான். வேலை போனதை மட்டும் சொல்லவில்லை.

அவள் மாவை உருட்டி உருட்டி விரலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே சொன்னேனே, சார். ஜிவ்வுனு இழுக்குதுன்னு."

"சொன்னீங்க."

"டீ குடிக்கச் சொன்னீங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"கோவிந்தப்பா சார் என்னா சொன்னாரு?"

"புது ஆள் வந்துட்டாராம்."

"ஆங்." உள்ளே குக்கர் கூவியது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்க புக்குல எழுதிக் குடுங்க" என்றாள். "அன்னிக்கு எழுதின மாதிரியே. பொண்ணு கேக்கறா, மிஷினை நீ என்னாம்மா பண்ணேன்னு. வாட்ஸ்அப் எல்லாம் வேணாம். பேப்பர்ல குடுங்க. கன்னடத்துல எழுதுங்க, எனக்கு அதான் படிக்க வரும்."

பையிலிருந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தான். அன்று சாயங்காலம் வரைக்கும் அவன் எஞ்சினியர்தான். மாவு டின் மேல் வைத்து எழுதினான். கடைப்பெயர், மிஷின் எண், இரண்டு ஹெட்டுகள் போன தேதி. எர்த் கட்டத்தில், 'அளக்கவில்லை.' காரணம் என்ற கட்டத்தில் எர்த் குழியில் ஈரமில்லை என்றும், ஆபரேட்டர் முன்பே எச்சரித்தும் எஞ்சினியர் கவனிக்கவில்லை என்றும். கன்னடக் கூட்டெழுத்துகள் அவனுக்குச் சரியாக வராது; இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினான். தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்தான்.

சரளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாக, கடைசிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவன் பேனாவை நீட்டியபடியே நின்றான்.

"இதுல நான் எதுக்கு, சார், சைன் போடணும்? தப்பு உங்களுது. நீங்க போட்டா போதும்."

வெள்ளைத் தாளை மட்டும் கிழித்து நாலாக மடித்து, பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்த தன் பர்ஸுக்குள் வைத்தாள். புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சப்பாத்திக் கட்டை உருளும் சத்தம் கேட்டது.

அவன் வெளியே உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டான். முந்தின நாள் நனைந்தது இன்னும் காயவில்லை. உள்ளே ஹாஸ்டல் வார்டன் கேட்பது கேட்டது.

"யாரு அது, சரளா?"

"பிரிண்டர் ரிப்பேருக்கு வர்றவரு, மேடம்."

"இங்க ஏது பிரிண்டர்?"

"இல்லைன்னு சொல்லிட்டேன். போயிட்டாரு."